பழைய வீராவின் பிரேக்கைச் சீர்திருத்தும் முறை

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிறு கார்களுள், 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் வீராவுக்கு நம் குடும்பங்களில் தனியானதொரு ஸ்தானம் உண்டு. தகப்பனார் வாங்கி, அண்ணன் ஓட்டிப் பழகி, பின்பு தம்பியின் கைக்கு வந்து சேர்ந்த அந்த வாகனத்தின் பிரேக்கை மேம்படுத்த வேண்டும் என்ற எண்ணம் உதித்தவுடன், பலரும் நேரே பழைய கார் உறுப்புகளை விற்கும் ஹாஃப் கட் கடைக்குச் சென்று, அதிவேகக் கார்களிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க்குகளை விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது இறுதியாகச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சிரத்தையுடன் செய்து முடித்தவர்களில் அநேகருக்கு அந்தக் கடைக்குப் போகும் அவசியமே நேர்வதில்லை.

பிரேக் என்பது வேகத்தை உஷ்ணமாக மாற்றும் சாதனம். வேகம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். ஒரு டன் எடையுள்ள கார் கெந்திங் மலையின் உச்சியிலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பியிருந்தால், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை இருபது தடவைக்கு மேல் முற்றிலுமாக நிறுத்துவதற்குச் சமமான உஷ்ணத்தை அது ஏற்றாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த இறக்கத்தில், மனைவியும் குழந்தைகளும் உடனிருக்க, என் காலடியில் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து போனதை நான் இன்னும் மறக்கவில்லை. விலையுயர்ந்த டிஸ்க்கும் பேடும் மாட்டியிருந்தேன். பிரேக் எண்ணெயை மாத்திரம் தொடாமல் விட்டிருந்தேன். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

ஆகவே முதற்படி எண்ணெயே. அது காற்றிலுள்ள ஈரத்தை இடைவிடாமல் உறிஞ்சும் குணமுடையது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு ஈரத்துக்குக் குறைவேது? டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு அவ்வெல்லைகள் 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்கக்கூடியதாதலால் பெடலின் அழுத்தம் சக்கரத்தை எட்டாது. மூடி திறக்காத டப்பாவிலுள்ள டாட் 4 எண்ணெயை வாங்கி, இரண்டாண்டுக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றிவிட வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அதை டாட் 3, டாட் 4 வகைகளுடன் கலக்கவே கூடாது.

மாற்றுவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் பெடலை நிதானமாக மிதித்து அப்படியே பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் திறந்து, பழைய எண்ணெய் தெளிவான குழாய் வழியே புட்டியில் இறங்கியதும் மூடிவிட்டு, அதன் பின்னரே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கிரமம் தவறினால் காற்று உள்ளே புகுந்துவிடும். மேலே உள்ள பிரேக் எண்ணெய்த் தொட்டி ஒரு தடவைகூட வறண்டு போகலாகாது. எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவது என்பதை அந்தந்தக் காரின் கைப்புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்க. வர்ணத்தின் மீது ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீரால் கழுவிவிடுக.

இரண்டாவதாக ரப்பர் ஹோஸ்களைக் கவனிக்க வேண்டும். இருபது வருஷத்து ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். மிதிக்கும்போது உப்பி, அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். நான்கையும் புதிதாக மாற்றுவது பெரிய செலவன்று.

மூன்றாவது, பின் சக்கரத்து டிரம். இதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கால் தூக்கியபின் ஸ்டாண்டின் மீது இறக்கி வைத்தே வேலை தொடங்குக. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ்ப் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். டிரம்முக்குள் படிந்த தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக் கூடும். ஈரத் துணியால் துடைத்தெடுத்து, ஷூக்களை விரிக்கும் சிறு பம்ப்பின் ரப்பர் மூடியை விலக்கி, உள்ளே எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவிருந்தால் பம்ப்போடு ஷூக்களையும் மாற்றியாக வேண்டும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிப்படுத்திய அன்றே, பெடல் உயர்ந்து உறுதியாக நிற்பதை நீங்கள் உணர்வீர்கள்.

அடுத்தது முன் டிஸ்க்கும் பேடும். காரை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களுடையது. டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கும் கீழே தேய்ந்ததைக் கடைந்து சமப்படுத்துவதால் பயனில்லை. ஹப்பின் துருவைச் சுரண்டி, புதிய டிஸ்க்கின் மீதுள்ள காப்பெண்ணெயை முற்றிலும் துடைத்து, காலிப்பர் சறுக்கும் ஊசிகளுக்குப் பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைத் தடவி மாட்டுக. பிறகு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஷா ஆலம் தொழிற்பேட்டைச் சாலை போன்ற ஆள் நடமாட்டமற்ற இடத்தில், அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு, முழுதும் நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை மிதமாக மிதித்துக் குறைத்து, பின்னர் சிறிது தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுக. பேட் டிஸ்க்கோடு பழகுவதற்கு இது இன்றியமையாதது.

சாலையைப் பிடித்து நிற்பது டயரே என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை மழை கொட்டும்போது, கெட்டித்துப்போன டயரின் மேல் எத்தனை பெரிய டிஸ்க் இருந்தும் பிரயோஜனமில்லை.

இத்தனைக்குப் பின்னும் திருப்தி ஏற்படாமல், அடிக்கடி மலைப் பிரயாணம் செய்கிறவர்கள், சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களின் பெரிய முன் டிஸ்க்கையும் காலிப்பரையும் நாடலாம். காலிப்பரின் பிஸ்டனில் துரு உண்டா என்று பார்த்து, ரப்பர் சீல்களைப் புதுப்பித்து, உங்கள் ரிம்முக்குள் அது அடங்குமா என்று அளந்தபின்னரே பணம் கொடுங்கள். கஞ்சில் என்னும் சிறு காரை வைத்திருப்பவர்களுக்கு 12 அங்குல ரிம்மே பெரும் தடையாகும். ஆனால் பின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் வைக்கும் வழக்கத்தை, குடும்பக் காருக்கு நான் ஒப்பமாட்டேன். மாஸ்டர் பம்ப்பையும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் அதற்கேற்ப மாற்றாமல் செய்தால், ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். உறுப்பு மாற்றங்களுக்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

வேலை முடிந்த அன்றிரவு நான்கு சக்கரங்களுக்கும் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஈரப்பொட்டு ஏதும் காணாவிட்டால், சக்கர நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, முதலில் உங்கள் தெருவுக்குள்ளேயே மெல்ல ஓட்டிப் பாருங்கள்.