விந்தணு ரிப்போர்ட்டும் குழந்தை யோகமும்

நம்பிக்கை: கவுன்ட் குறைந்தால் அப்பா ஆக முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ்வரம்பு, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் விந்தணுக்களை எண்ணி, அடிமட்ட 5 சதவீதத்தினருக்கு மேலே போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே நின்றவர்களும் அப்பாக்களே! போதாக்குறைக்கு, ஒரே ஆளின் கவுன்ட் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். கடும் காய்ச்சல் வந்து போனாலே சில வாரங்களுக்குக் குறைவாகக் காட்டும்.

நம்பிக்கை: விந்தணுவின் திறனைச் சோதித்தால் ஐவிஎஃப் பலிக்குமா என்று முன்பே சொல்லிவிடலாம்.

அந்த ஆசை பழையது. 1976-இல், ஹாம்ஸ்டர் எலியின் முட்டையை மேலுறை நீக்கிவிட்டு, மனித விந்தணு அதற்குள் நுழைகிறதா என்று பார்த்தார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறியது. எலி முட்டையில் தோற்ற விந்தணு மனைவியின் முட்டையில் ஜெயித்ததும் உண்டு. 1992-இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து இக்ஸி என்ற முறை வந்ததும் கதையே மாறிவிட்டது. கண்ணாடி ஊசியால் வாலை அழுத்தி அசைவை நிறுத்தி, ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்துகிறார்கள். அது நீந்துமா, துளைக்குமா என்று இனி யாருக்குக் கவலை?

நம்பிக்கை: விந்தணுவின் டிஎன்ஏ சிதைவுச் சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடும்.

இன்று அடிக்கடி எழுதித் தரப்படும் சோதனை இது. சிதைவு கூடினால் கருச்சிதைவும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சோதித்த விந்தணுக்கள் அந்தச் சோதனையிலேயே அழிந்துவிடும். முட்டைக்குள் போவது வேறொன்று. ரிப்போர்ட் சொல்வது கூட்டத்தின் கணக்கை மட்டுமே. அதிலும் இளம் முட்டை ஓரளவு சிதைவைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஆகவே 30 சதவீதச் சிதைவு என்பது 26 வயது மனைவிக்கு ஒன்று, 41 வயது மனைவிக்கு வேறு. அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2020 வழிகாட்டுதல், முதல்கட்டப் பரிசோதனையில் இது வேண்டாம் என்கிறது. அடுத்தடுத்துக் கரு கலைபவர்களுக்கு யோசிக்கலாம். எழுதித் தருபவரிடம், “முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா, டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

நல்ல விந்தணுவைப் பொறுக்கி எடுத்தால் பலிக்குமா? பிரிட்டனில் 2,700-க்கும் மேற்பட்ட தம்பதியரிடம், ஹயலுரோனான் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுக்களை மட்டும் எடுத்து இக்ஸி செய்து பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது: கருச்சிதைவு குறைந்தது, பிறந்த குழந்தைகளின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

விதிவிலக்கும் உண்டு, அபூர்வமாக. சிலருக்கு விந்தணுத் தலை முழுக்க உருண்டையாக இருக்கும். அப்போது மைக்ராஸ்கோப் சொல்வதை நம்பலாம்: இக்ஸி செய்தாலும் முட்டை பெரும்பாலும் கருவாகத் தொடங்காது, கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து அதைத் தூண்டவேண்டி வரும்.