இரட்டையருக்கு வந்துவிடு

அன்பு மகனுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா பேசினாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மொனாஸ்டிரில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாயாம், முழங்காலுக்கு மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டாயாம், அடுத்த வாரமும் அங்கேயே தங்கி ஆடப்போகிறாயாம். "நீங்க சொன்னா கேப்பான்" என்றாள். ஃபோனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காசை மிச்சம் பிடிக்க ராத்திரியில் பழமும் ரொட்டியுமாக ஓட்டாதே.

ஆட்டத்தை விடு என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை உன்னிடம் யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். உன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் ஒற்றையரிலேயே முட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் முழு மூச்சாக இரட்டையருக்கு வந்துவிடலாம். முடிவு உன்னுடையது. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நீ ஆடுவது 15,000 டாலர் போட்டி. கேட்பவர்களுக்கு அது பெரிய தொகை. முதல் சுற்றில் தோற்றவன் கையில் வருவது நூற்றைம்பது டாலர் சொச்சம், அதிலும் வரி பிடிப்பார்கள். பாயிண்ட் ஒன்றும் கிடையாது. கோப்பையையே தூக்கினாலும் இரண்டாயிரம் டாலரைக் கொஞ்சம்தான் தாண்டும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2013ஆம் வருஷத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. விமானம், அறை, சாப்பாடு, ஸ்ட்ரிங் எல்லாம் சேர்த்து ஓர் ஆண் வீரருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 38,800 டாலர் செலவு. தரவரிசையில் 336ஆம் இடத்தில் இருந்தவருக்குத்தான் வரவும் செலவும் சரிக்கட்டியது. பயிற்சியாளர் சம்பளத்தை அதில் சேர்க்கவே இல்லை. அப்போதிருந்த டிக்கெட் விலையா இப்போது? நீ நிற்பது ஐந்நூற்றுச் சொச்சத்தில். ஏடிபி 2024 முதல் கொடுக்கும் வருமான உத்தரவாதம்கூட முதல் 250 பேரோடு நின்றுவிடுகிறது.

உடனே நீ சுமித் நாகலைச் சொல்வாய். 2023 செப்டம்பரில் வங்கிக் கணக்கில் 900 யூரோகூட இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பிள்ளை, நாலே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் சீடிங்கில் 31ஆம் இடத்தில் இருந்த பப்ளிக்கைச் சாய்த்தார். அடுத்த மாதமே நம் நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் போட்டியை வென்று முதல் நூறுக்குள் போனார். எனக்கும் அன்று கண் கலங்கியது. ஆனால் கையில் காசில்லை என்று சொன்ன அந்த நாளிலேயே அவர் உன்னைவிட எவ்வளவோ மேலே இருந்தார், கண்ணா. அந்த உயரத்திலேயே 900 யூரோ என்றால் உன் இடத்தில் என்ன மிஞ்சும்?

நம் ராம்குமாரைப் பார். 2017இல் உலகின் எட்டாம் நிலை வீரராக இருந்த டொமினிக் தீமை அந்தாலியாவில் வீழ்த்தினார். மறுவருஷம் நியூபோர்ட்டில் இறுதிச்சுற்று வரை போனார். அப்படிப்பட்ட சர்வ் இருந்தும் ஒற்றையரில் 111ஐத் தாண்ட முடியவில்லை. பிரஜ்னேஷ் முழங்காலால் எத்தனை வருஷங்களை இழந்தார் என்று உனக்குத் தெரியும். 2019இல் 75ஆம் இடம் வரை வந்தார், அந்த வருஷம் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் ஆடினார், நாலிலும் முதல் சுற்றோடு திரும்பினார். உன் முழங்காலும் அதே கதையை ஆரம்பித்துவிட்டது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரட்டையரைப் பற்றி உன் அப்பா உனக்கு என்ன சொல்லி வளர்த்தான் என்று எனக்குத் தெரியும். ஒற்றையர் ஆட முடியாதவன் போய் ஒண்டும் இடம் என்பான். அவன் எதற்காக அப்படிச் சொல்கிறான் என்பதும் தெரியும். நாங்கள் இருவரும் ஜோடியாக ஆடியவரை இந்த ஜில்லாவில் எங்களைச் சுலபத்தில் யாரும் ஜெயித்ததில்லை. மாநிலப் போட்டிக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்து, "அண்ணனோடு ஆடி உன் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ளாதே" என்று அவன் காதில் ஓதினார். மறுவாரமே என் தம்பி ஜோடியை முறித்தான். என்னிடம் நேரில்கூடச் சொல்லவில்லை, டிராவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒற்றையரில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற கோப்பைகளை எடுத்துப் பார், எதிலும் பெயர் இரண்டாகத்தான் இருக்கும். அதே பேச்சை உனக்குப் பதினைந்து வயதில் உன் அகாடமியிலும் சொன்னார்கள், உன் அப்பா தலையாட்டினான். நெட்டில் இவ்வளவு கைவேகம் உள்ள இடதுகைப் பிள்ளையைக் கொண்டுபோய் பேஸ்லைனில் கட்டிப்போட்டார்கள். இன்றுவரை என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

இரட்டையர் ஒண்டும் இடமா என்று நீயே பார். 1966இல் நம் நாடு டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று ஜெயித்தது. அந்த ஒன்று எது? ராமநாதன் கிருஷ்ணனும் ஜைதீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப்-ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம்! போபண்ணா ஒற்றையரில் இருநூறுக்குள் வந்ததே இல்லை. குருத்தெலும்பு தேய்ந்த முழங்கால்களோடு ஐயங்கார் யோகா செய்துகொண்டு, 43 வயதில் எப்டனோடு ஆஸ்திரேலிய ஓபனை வென்று உலகின் முதலிடத்தில் உட்கார்ந்தார். கோவை ஸ்ரீராம் பாலாஜி அவரோடு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். ஜீவனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024இல் ஹாங்சோவில் ஏடிபி பட்டம் வாங்கியபோது இருவருக்குமே வயது முப்பத்தைந்துக்குக் குறையவில்லை. உனக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று எண்ணிப் பார்.

கீழ்மட்டத்தில் இரட்டையருக்குப் பணம் இன்னும் குறைச்சல்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அறை வாடகை பாதியாகும், முழங்காலுக்கு ஓட்டம் குறையும். தோற்ற ராத்திரியில் பக்கத்தில் பேச ஓர் ஆள் இருக்கும். வாராவாரம் ஆளை மாற்றாமல் நிலையான ஒரு ஜோடியைத் தேடு. நம் ஊரில் சேலஞ்சர்கள் நடக்கும்போது அங்கிருந்து ஆரம்பி.

இன்னொன்று. 2018இல் வந்த விசாரணை அறிக்கை, நீ ஆடுகிற இந்த மட்டத்தில்தான் சூதாட்டக்காரர்கள் அதிகம் புகுந்திருக்கிறார்கள் என்றது. கடன் இருக்கிறவனைத்தான் தேடி வருவார்கள். ஒரு செட்டை விடு, ஒரு கேமை விடு என்று எவனாவது செய்தி அனுப்பினால் அன்றைக்கே டென்னிஸ் நேர்மை அமைப்புக்குத் தெரிவித்துவிடு. நீ மறுத்தாலும் சொல்லாமல் இருந்ததே குற்றமாகிவிடும். உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? மனசில் வைத்துக்கொள்ளாதே. இந்தக் குடும்பத்தில் உலகத் தரவரிசையில் பெயர் ஏறியவன் நீ ஒருத்தன்தான். தெருவில் யார் கேட்டாலும் உன் பேரைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நீ ஒற்றையரிலேயே நின்றாலும் சரி, எந்த நாட்டில் எந்த நேரத்தில் ஆடினாலும் நான் விழித்திருந்து ஸ்கோர் பார்ப்பேன். நீ ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை, உன் பெரியம்மாவுக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம். முழங்காலை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டாமல் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்காதே. அம்மாவுக்கு இன்றைக்கே ஃபோன் பண்ணு.

என்றும் அன்புடன்,
உன் பெரியப்பா