காது குடைய வேண்டாம்



காது அடைத்தால் காரமடைப் பக்கத்து வீடுகளில் ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு என்று ஏதாவது ஒன்றைக் கை தேடுகிறது. ஆனால் குறும்பி வெறும் அழுக்கு அல்ல. தூசியையும் கிருமியையும் தடுக்கும் காவல். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தானாகவே வெளியே நகர்ந்துவிடும். பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமே. குடைந்தால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு இறுகும், செவிப்பறையும் கிழியலாம். பஞ்சுக்குச்சியும் அப்படித்தான்.

அடைப்பு இருந்தால் ஊற வைப்பதே நல்லது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஆலிவ் எண்ணெயைச் சூடாக்காமல் 2 அல்லது 3 சொட்டு விட்டு, 5 நிமிடம் ஒருக்களித்துப் படுங்கள். தினமும் 3 முறை, 5 நாட்கள் செய்யலாம். வெளியே வருவதை மட்டும் துணியால் துடையுங்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் காதைச் சுட்டுவிடும், வேண்டாம்.

வலி, சீழ், இரத்தம், செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் எதையும் விடக் கூடாது. அவர்களும், சர்க்கரை நோயாளிகளும், 5 நாளில் குணம் காணாதவர்களும் மருத்துவரிடமே காட்ட வேண்டும். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே செல்லுங்கள்.

கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கண்டிக்கும் முன், அதன் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதை அண்டை வீட்டாருக்கும் தயவாய் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.