நடிப்புக் கல்வியைத் தேடி

நுழையும்முன்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அப்பேச்சில் நடிப்புக்கு இடம் கிடைப்பது அரிது. நடிப்பைப் படிக்க விரும்பிய ஒரு மாணவியும் அவளுடைய தந்தையும் கல்வி நிலையங்களை நேரில் கண்டுவந்ததை இப்பாடம் கூறுகிறது.

விருப்பமும் ஐயமும்

கயல்விழியின் தந்தை புனே நகரின் கட்கிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் பொறியில் வேலை செய்பவர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் விழுப்புரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து அங்குக் குடியேறியவர். மகளைப் பொறியாளராக்க வேண்டும் என்று மாதந்தோறும் ஒரு தொகையைச் சேர்த்து வந்தார். கயல்விழியோ பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில், "அப்பா, நான் நடிப்பைப் படிக்க விரும்புகிறேன்" என்றாள்.

தந்தை சினங்கொள்ளவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அது சோறு போடுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் சரி என்றும் சொல்ல மாட்டேன், தவறு என்றும் சொல்ல மாட்டேன். நேரில் போய்ப் பார்ப்போம்" என்றார். தாய் ஒரு குறிப்பேட்டில் மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்தார். சேர்வதற்கு என்ன தகுதி வேண்டும்? எந்த மொழியில் பயில வேண்டும்? படித்து முடித்தவர்கள் என்ன பணி செய்கிறார்கள்?

உள்ளூரில் இரண்டு இடங்கள்

முதலில் அவர்கள் புனேயிலேயே உள்ள இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனத்துக்குச் சென்றனர். புகழ்பெற்ற பிரபாத் திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகத்தில் 1960ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. வளாகத்தின் மாமரம் ஒன்றை மாணவர்கள் 'அறிவு மரம்' என்று அழைக்கின்றனர். அதன் அடியில் அமர்ந்து திரைப்படங்களைப் பற்றி உரையாடுவது அங்கு நெடுங்கால வழக்கம். கயல்விழிக்கு அவ்விடத்தை விட்டு நகரவே மனமில்லை. ஆனால், திரை நடிப்புப் படிப்பில் சேர ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதை அங்கு அறிந்தாள்.

டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியின் விதியும் அதுவே. 1959இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டத்துடன் நாடகங்களில் பங்கேற்ற பட்டறிவும் வேண்டும். அப்பள்ளி 1964இல் தனக்கெனத் தொழில்முறை நாடகக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. சிறுவர்களுக்கான கல்விசார் நாடகக் குழு 1989இல் உருவாயிற்று. இவற்றைப் படித்த தந்தை, "நாடகத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்பவர்களும் இருக்கிறார்கள்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்து, புனேப் பல்கலைக்கழகத்தின் லலித் கலா கேந்திரத்தைக் கண்டனர். இசை, நடனம், நாடகம் ஆகியவற்றைக் கற்பிக்கும் அம்மையத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பட்டப்படிப்பிலேயே நாடகம் பயிலலாம். அதன் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய மராத்தி நாடக ஆசிரியர் சதீஷ் ஆலேகர் உயிர்வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். அதைக் கேட்டுத் தந்தை வியந்தார். ஆயினும், அங்கு மராத்தி நாடகமே முதன்மை பெற்றிருந்தது. தெருவில் பேசும் மராத்தி கயல்விழிக்குத் தெரியும். மேடையில் பேசும் மராத்தி வேறு என்பதை ஒத்திகையைக் கேட்ட சிறிது நேரத்திலேயே உணர்ந்தாள்.

திருச்சூரில் நடந்தது

அக்டோபர் விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் வழியில் இருவரும் திருச்சூரில் இறங்கினர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாடகப் பள்ளி அந்நகரின் அரணாட்டுக்கரையில் அமைந்துள்ளது. நாடக அறிஞர் ஜி. சங்கரப் பிள்ளையின் தலைமையில் 1977இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. தமிழ் நாடகத்துக்குப் பெருந்தொண்டாற்றிய சே. இராமானுஜமும் அங்குப் பணியாற்றியவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கு நாடகக்கலைப் பட்டப்படிப்பில் சேரலாம்.

அவர்கள் சென்றபோது மாணவர்கள் ஒரு நாடகத்துக்கான மேடையை அமைத்துக்கொண்டிருந்தனர். ஒருவர் பலகையை அறுத்தார். மற்றொருவர் விளக்கைக் கம்பத்தில் பொருத்தினார். ஒரு மாணவி தரையைக் கூட்டினாள். சிறிது நேரத்துக்குப் பின் அவர்களே உடை மாற்றிக்கொண்டு நடிக்க வந்தனர். தந்தை விளக்குக் கம்பத்தின் அருகே சென்று பார்த்து, "இந்த மரை சரியாக முறுக்கப்படவில்லை; கீழே விழுந்துவிடும்" என்றார். மாணவன் நன்றி கூறித் திருகுக்குறட்டை அவரிடமே நீட்டினான். அவர் தம் கையாலேயே அதை முறுக்கினார். நடிப்பு என்பது அலங்காரம் செய்துகொண்டு நிற்பது என்று அதுவரை எண்ணியிருந்தவர், அதுவும் தம் பட்டறையைப் போன்ற ஓர் உழைப்புக்களம் என்பதைக் கண்டார்.

ஒத்திகையின் இடைவேளையில் ஒரு மாணவி கயல்விழியிடம், "ஏதாவது நடித்துக் காட்டேன்" என்றாள். கயல்விழி பள்ளி விழாவில் பேசிய ஆங்கில உரை ஒன்றைப் பேசினாள். அனைவரும் கைதட்டினர்.

"வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்?" என்று அம்மாணவி கேட்டாள்.

"தமிழ், அக்கா."

"அப்படியானால் தமிழில் ஒன்று சொல்."

கயல்விழி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. சாப்பாடு, பள்ளி, கடை என்று வீட்டில் வழங்கும் சொற்களே அவள் நினைவுக்கு வந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை, காத்திருந்தார்கள். தந்தை தலையைக் குனிந்துகொண்டார். மகளுக்கு வேகமாகக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர், ஒரு கதையையும் தமிழில் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்போது அவளுக்குப் பாட்டியின் நினைவு வந்தது. ஒவ்வொரு விடுமுறையின் முடிவிலும் விழுப்புரம் நிலையத்தில் வண்டி நகரும்போது பாட்டி சன்னலைப் பிடித்துக்கொண்டு கூறும் சொற்களை, பாட்டியின் குரலிலேயே கூறினாள்.

"போறேன்னு சொல்லாதே கண்ணு. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

அறையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. மலையாளம் பேசும் அம்மாணவி, "எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்" என்று கூறி அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள். தந்தை விளக்குக் கம்பத்தைப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுச்சேரியில் கண்டது

ஊருக்குச் சென்ற பின்னர் ஒரு நாள் புதுச்சேரிக்குப் போனார்கள். காலாப்பட்டில் கடற்கரையை ஒட்டி அமைந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களுக்குப் பாடவும் பேசவும் நடிக்கவும் பயிற்சி அளித்தவர்; 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். பல்கலைக்கழகங்கள் நடிப்பைக் கற்பிக்கத் தொடங்குமுன் நாடகக் குழுக்களே நடிகர்களுக்குப் பள்ளிகளாக இருந்தன.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி இப்பள்ளியின் தொடக்கக் காலத்தில் அதற்குத் தலைமை தாங்கினார். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தபடியே அவர் தமிழில் நாடகங்களை எழுதினார் என்பது கயல்விழியின் மனத்தில் பதிந்தது. இங்குள்ள நாடகப் படிப்பு முதுநிலைப் படிப்பு. எனவே, அதற்கும் முதலில் ஒரு பட்டம் வேண்டும்.

எடுத்த முடிவு

அன்றிரவு தந்தை குறிப்பேட்டை விரித்தார். முதல் வினாவுக்கு விடை தெளிவாக இருந்தது. உடனே சேரக்கூடியவை புனேயும் திருச்சூரும். பட்டம் பெற்றபின் முயலக்கூடியவை மற்றவை. மூன்றாம் வினாவுக்கு, நடிப்பு, ஒளியமைப்பு, மேடை அமைப்பு, பள்ளிகளில் நாடகம் கற்பித்தல் எனப் பல பணிகளை எழுதினார். அவற்றின் கீழ், "உறுதியான வருமானம் என்று சொல்ல இயலாது" என்றும் மறைக்காமல் எழுதினார்.

"இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பம் செய். இடம் கிடைத்தால் சேர்த்து வைத்த பணம் அதற்குத்தான்" என்றார்.

இரண்டாம் வினாவின் எதிரே கயல்விழி தானே எழுதினாள்: "மராத்தியோ மலையாளமோ கற்றுக்கொள்வேன். அதற்கு முன் தமிழை வாய்விட்டுப் படிக்க வேண்டும்." எழுத்துகள் கோணலாக இருந்தன. ஆனால் பிழை இல்லை.

விடுமுறை முடிந்தது. நிலையத்தில் பாட்டி சன்னலைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கயல்விழி, "போயிட்டு வர்றேன், ஆயா" என்றாள்.

சொற்பொருள்

கடைசல் பொறி – உலோகத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரம்
பட்டறிவு – அனுபவம்
ஒத்திகை – அரங்கேற்றத்துக்கு முன் செய்யும் பயிற்சி
மரை – திருகாணியை இறுக்கும் சுரையுள்ள உறுப்பு
ஆயா – பாட்டி (வட தமிழக வழக்கு)

வினாக்கள்

1. தாய் எழுதிக் கொடுத்த மூன்று வினாக்கள் யாவை?
2. பட்டம் பெறாமல் சேர இயலாத கல்வி நிலையங்கள் எவை?
3. நடிப்பைப் பற்றித் தந்தையின் எண்ணம் எங்கு, எதனால் மாறியது?
4. திருச்சூரில் தந்தை தலையைக் குனிந்துகொண்டது ஏன்? உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்று கூறுவது ஏன் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக. அவர்கள் அடிக்கடி கூறும் ஒரு தொடரை அவர்களைப் போலவே வகுப்பில் பேசிக் காட்டுக.