மூட மறுக்கும் படிவம்

கைத்தறிச் சங்கங்களில் நூல் வழங்கும் கணக்கையும் கூலிக் கணக்கையும் பேரேட்டோடு கணினியிலும் எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. சென்னிமலையிலோ பவானியிலோ சிறுமுகையிலோ உள்ள ஒரு சங்கத்தின் கணக்கர், எக்செல் விரிதாளில் மேக்ரோவைக் கொண்டு ஒரு சிறு படிவம் அமைத்திருக்கிறார் எனக் கொள்வோம். நெசவாளர் எண், நூல் நம்பர், எடை ஆகியவற்றை இட்டுப் பொத்தானை அழுத்தினால் தாளில் வரவு ஏறிவிடும். இவ்வகை யூசர்ஃபார்ம் படிவங்கள் எக்செல் 97 முதல் வழங்கி வருகின்றன. பழகியவருக்கு மிக நல்ல துணை. ஆயின் சில வேளைகளில் பதிவு முடிந்தும் படிவம் மூடுவதில்லை. எழுத்தர் ஐயுற்றுப் பொத்தானை மீண்டும் அழுத்துகிறார். ஐந்து கிலோ நூல் பத்துக் கிலோவாகப் பற்றெழுதப்படுகிறது. அந்தப் பிழை நெசவாளரின் கூலியில் போய் விடிகிறது.

முதலில் அறிய வேண்டுவது, மறைத்தலும் மூடுதலும் ஒன்றல்ல என்பதே. 'மீ.ஹைட்' என்னும் கட்டளை படிவத்தைக் கண்ணுக்கு மறைக்கிறது. நினைவகத்தில் அது அப்படியே இருக்கிறது. தறியின்மேல் துணியைப் போர்த்திவிட்டுப் போனால் பாவு உள்ளே இருப்பது போல, முன்னவரின் எண்ணும் எடையும் கட்டங்களில் தங்கிவிடும். அடுத்த முறை 'ஷோ' என்றதும் அவையே திரும்பத் தோன்றும். படிவத்தைத் தொடக்கநிலைக்குக் கொணரும் 'இனிஷியலைஸ்' பகுதி இரண்டாம் முறை ஓடுவதில்லை. 'அன்லோட் மீ' என்பதுதான் நினைவகத்திலிருந்து முற்றும் அகற்றுவது. அதற்குப் பின்னும் அதே பகுதியின் எஞ்சிய வரிகள் ஓடும். அவற்றுள் ஒன்று படிவத்தின் கட்டத்தைப் பெயரிட்டு அழைத்தால், வெறுங்கட்டங்களோடு படிவம் மீண்டும் நினைவகத்தில் ஏறிவிடும். ஆகையால் அதனைக் கடைசி வரியாக எழுதுவதே முறை.

அந்த வரி இருந்தும் படிவம் நிற்கிறதென்றால், வேலை அவ்வரியை எட்டவில்லை என்று பொருள். எடைக்குரிய கட்டத்தில் எண்ணுக்கு மாறாக எழுத்து இருந்தால் 'எக்ஸிட் சப்' என வெளியேறும்படி பலர் எழுதுகின்றனர். அது தகும், ஆனால் காரணத்தை அறிவிக்கும் செய்தியும் வேண்டும். தாளில் எழுதிய பின்னர் இச்சோதனையை வைப்பதுதான் இரட்டைப் பதிவுக்கு வழி. சோதனை முதலில், எழுத்து அடுத்து, மூடுதல் இறுதியில். 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரியைச் சேர்த்துக் குறையைத் தீர்த்ததாகச் சிலர் மகிழ்வதுண்டு. படிவம் மூடும், கணக்கு ஏறியிராது. திறந்து நிற்கும் படிவத்தைவிட இது கேடு.

மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தக் கூடாதென்று 'குவெரிகுளோஸ்' பகுதியில் 'கேன்சல்' மதிப்பை மெய் என வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிபந்தனையின்றி வைத்தால் 'அன்லோட்' கட்டளையும் தடைபடும். 'குளோஸ்மோடு' 0 ஆக இருக்கும்போது மட்டும் தடுக்க வேண்டும். கட்டளையால் மூடும்போது அதன் மதிப்பு 1.

தாளில் மாற்றம் நேர்ந்தாலே படிவம் திறக்கும்படி அமைத்திருப்பின் வேறொரு சிக்கல். பதிவு ஏறுவதும் ஒரு மாற்றமே. ஆதலால் படிவம் தன்னையே திரும்ப அழைக்கும். எழுதுமுன் 'அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ்' என்பதைப் பொய்யாக்கி, எழுதிய பின் மெய்யாக்குக. இடையில் பிழை நேர்ந்தாலும் மெய்யாக்கும் வரி ஓடும்படி பார்த்துக்கொள்க. இல்லையேல் அதை மீண்டும் மெய்யாக்கும்வரை அல்லது எக்செலை மூடித் திறக்கும்வரை தாளின் நிகழ்ச்சிகள் எழா.

காரணம் விளங்காவிட்டால் கோப்பின் படியொன்றை எடுத்து, ஆல்ட்டையும் எஃப்11 விசையையும் சேர்த்து அழுத்தி நிரலைத் திறக்கவும். பொத்தானுக்குரிய முதல் வரியில் எஃப்9 அழுத்தி நிறுத்தக் குறியிட்டு, எஃப்8 விசையால் ஒவ்வொரு வரியாக நகர்த்தினால், வேலை எங்கே விலகிப் போகிறதென்று கண்ணாலேயே காணலாம். பின்னர் இரு நெசவாளர் எண்களை அடுத்தடுத்துப் பதிந்து, இரண்டாம் முறை கட்டங்கள் வெறுமையாகத் திறக்கின்றனவா, தாளில் இரண்டே வரிகள் உள்ளனவா என்று பார்த்த பிறகே அசல் கோப்பில் திருத்தம் செய்க.