புற்றுநோய்ச் சிகிச்சையும் நோயாளியின் வாக்கும்

நோயாளரின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் யாவரும் அறிந்த ஒரு விடயம் உண்டு. வைத்தியசாலையில் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லும் அதே நோயாளி, வீட்டுத் திண்ணையில் நம்மோடு இருக்கும்போது வேறு கதை சொல்லுவார். மார்பகப் புற்றுநோய்க்கு இரசாயன சிகிச்சை பெற்றுவந்த ஒரு தாய், மருந்து ஏற்றிய நாளிலிருந்து ஐந்து நாட்கள் ஓங்காளத்தோடு படுத்துக் கிடப்பதையும், வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காததையும் என்னிடம் சொன்னார். கிளினிக்கில் சொன்னீர்களா என்று கேட்டேன். "அங்கே எவ்வளவு சனம் சுவாமி! என்னுடைய சத்தியைப் பற்றிக் கேட்க அவைக்கு நேரமிருக்குமே?" என்றார். நாலாம் முறைக்குப் பிறகு அவர் மருந்தேற்றப் போகவில்லை.

பக்கவிளைவு என்று நாம் சொல்வது பல வேளைகளில் பக்கத்தில் நிற்பதில்லை. சிகிச்சை தொடருமா, நின்றுபோகுமா என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது. நெடுங்காலமாகப் புற்றுநோய் ஆய்வுகள் கட்டி எவ்வளவு சுருங்கியது, நோயாளி எத்தனை மாதம் உயிரோடிருந்தார் என்பவற்றையே பெரும்பாலும் கணக்கெடுத்தன. அந்த மாதங்களை அவர் எப்படிக் கழித்தார், சாப்பிட்டாரா, உறங்கினாரா என்பவை பின்னரே ஆய்வுக்குரிய கேள்விகளாயின. இன்று இவற்றுக்கென்றே பரீட்சார்த்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இவற்றுள் நம் கிராமங்களுக்கு மிக நெருக்கமான பாடத்தைத் தருவது நியூயோர்க் நகரில் நடந்த ஓர் ஆய்வு. மெமோரியல் சுலோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில், நோய் முற்றிய நிலையில் இரசாயன சிகிச்சை பெற்றுவந்த 766 பேர் இதில் சேர்ந்தனர். சீட்டுக் குலுக்கியது போல, எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றி, அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழமையான கவனிப்பு. மற்றப் பிரிவினர், வலி, ஓங்காளம், மூச்சுத்திணறல், களைப்பு முதலிய 12 தொல்லைகள் தமக்கு எந்த அளவில் உள்ளன என்பதைக் கணனியில் தாமே பதிந்தனர். ஒரு தொல்லை கடுமையானால் அல்லது திடீரெனக் கூடினால் தாதிக்குச் செய்தி போகும். தாதி நோயாளியை அழைத்து விசாரிப்பார். மருந்து மாற்ற வேண்டுமானால் அதற்கு ஏற்பாடு செய்வார்.

புதிய மருந்து எதுவும் இதில் இல்லை. ஆயினும் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவுகளின்படி, தாமே பதிந்தவர்களில் நூற்றுக்கு 34 பேரின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. மற்றப் பிரிவில் 18 பேருக்கே உயர்ந்தது. பதிந்தவர்கள் சராசரியாக 8.2 மாதம் சிகிச்சையில் நிலைத்திருந்தனர், மற்றவர்கள் 6.3 மாதம். அடுத்த ஆண்டில் வந்த செய்தி வைத்தியர்களையே வியக்க வைத்தது: பதிந்த பிரிவினரின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். தொல்லையைச் சொல்லி, அதற்குப் பதிலும் கிடைத்ததால் ஏறக்குறைய ஐந்து மாத ஆயுள்! ஒரே வைத்தியசாலையில் நடந்த ஆய்வு இது என்பதை மறக்கலாகாது. ஆனால் ஒரு விபரத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். முன்பு கணனியைத் தொட்டுப் பழகாதவர்களே பெரும்பாலான அளவுகோல்களில் கூடிய பயனடைந்தனர். 'படியாத சனத்துக்கு இதெல்லாம் சரிவராது' என்று கூட்டங்களில் பேசும் நம்மவர் சிலருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் தாயின் சத்திக்கு மருந்து இருந்ததா? இருந்தது. ஒலன்சபின் என்பது மனநோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு குளிசை. வழமையான சத்தி மருந்துகளோடு இதையும் 10 மில்லிகிராம் அளவில் கொடுத்து 380 பேரிடம் அமெரிக்காவில் பரிசோதித்தனர். முதல் நாளில் ஓங்காளமே இல்லாதிருந்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். அது கொடுக்கப்படாதோரில் 45 பேர். ஆனால் அது தூங்க வைத்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் தாய் பகலெல்லாம் தூங்கினால் அடுப்பு எரியாது. மும்பாயிலுள்ள டாட்டா நினைவு வைத்தியசாலையினர் இதை எண்ணி, காற்பங்கான 2.5 மில்லிகிராம் போதாதா என்று கேட்டு 275 பேரிடம் ஆய்வு செய்தனர். 2024இல் வெளிவந்த முடிவு: ஓங்காளமும் சத்தியும் முற்றாக அடங்கியோர் குறைந்த அளவில் நூற்றுக்கு 45, கூடிய அளவில் 44. முதல் நாளிலேயே கடும் தூக்கக் கலக்கம் கண்டவர்களோ முறையே 5, 40. குறைவான மருந்து, அதே பலன். வறிய நாடுகளின் நோயாளர் சார்பில் கேட்கப்பட்ட நல்லதொரு கேள்வி இது.

"இஞ்சி கொடுக்கலாமா சுவாமி?" என்று கேட்பவர்கள் பலர். அதையும் பரிசோதித்திருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த, 576 பேர் பங்குபற்றிய அமெரிக்க ஆய்வில், வழமையான சத்தி மருந்தோடு இஞ்சித் தூளையும் எடுத்தவர்களுக்கு முதல் நாள் ஓங்காளம் குறைந்தது. நாளொன்றுக்கு அரை கிராமும் ஒரு கிராமும் நல்ல பலன் தந்தன. ஒன்றரைக் கிராம் அவ்வளவு தரவில்லை. மருந்தை விட்டுவிட்டு இஞ்சி குடித்தவர்கள் அல்லர் இவர்கள். ஆகவே வீட்டில் தொடங்குமுன் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லா நல்லெண்ணமும் இப்படி முடிவதில்லை. சில புற்றுநோய் மருந்துகளால் கைகால் விறைத்து எரிவதைத் தடுக்கும் என நம்பி, கடைகளில் சத்துப்பொருளாக விற்கப்படும் அசெற்றைல் கார்னிற்றினை 409 பெண்களிடம் பரிசோதித்தனர். 2013இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களுக்கே விறைப்புக் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் குளிசை பெற்ற ஒரு பிரிவு இல்லாதிருந்தால் இது எவருக்கும் தெரிந்திராது. நோயின் குணம் என்றே எண்ணியிருப்பர். அன்பினால் நாம் வாங்கிக் கொடுக்கும் போத்தல்களைப் பற்றியும் இது யோசிக்க வைக்கிறது.

இத்தகைய ஆய்வொன்றில் சேரும்படி நம்மவர் ஒருவரைக் கேட்டால் பயப்படவும் வேண்டாம், உடனே கையொப்பமிடவும் வேண்டாம். எந்தப் பிரிவில் எதைக் கொடுப்பார்கள், வழமையான சிகிச்சை குறையுமா, தீங்கு வந்தால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் பரீட்சார்த்த ஆய்வுகளுக்கான பதிவேடு ஒன்றை நடத்துகிறது. சேர்ந்த பின் விலக விரும்பினால் விலகலாம். அதற்காக வழமையான சிகிச்சையை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

குருவானவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 'வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பேசாமல் இருக்கிறேன்' என்று சொல்லும் பக்தியுள்ள மக்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களது விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் வலி தணிக்கும் மருந்தை ஏற்பது பாவமன்று என்பதைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். வைத்தியரிடம் உள்ளதைச் சொல்வது விசுவாசக் குறைவாகாது.

நியூயோர்க்கின் கணனி நமக்கு வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளை, தாயைக் கேட்டு ஒவ்வொரு மாலையும் எழுதலாம்: ஓங்காளம், வலி, வாய்ப்புண், வயிற்றோட்டம், களைப்பு. இல்லையென்றால் 0, தாங்க முடியாததென்றால் 4. கிளினிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து தாதியின் மேசையில் வையுங்கள். வைத்தியர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். கொப்பி பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை. ஆகவே, இலக்கம் 3 அல்லது 4 ஆகும்போது கூப்பிட ஒரு தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே வார்ட்டில் கேட்டு, அட்டையில் எழுதி வையுங்கள். எங்கள் மாதர் சங்கத்தினர் நோயாளர் வீடுகளுக்குப் போகும்போது செபமாலையோடு இந்தக் கொப்பியையும் கேட்டுப் பார்க்கலாம்.

காய்ச்சலுக்கு மட்டும் இலக்கம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். இரசாயன சிகிச்சையால் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் வேளையில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரை வாங்கக்கூடும். உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இரவானாலும், கிளினிக் நாள் நாளைக்கே என்றாலும், பரசிற்றமோலைக் கொடுத்துப் படுக்க வைக்காமல், அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 'இவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறார்கள்' என்பதே அங்கு நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.