காய்க்கிற நாளில் எடுத்து வைப்போம்
வீட்டுத் தோட்டக் காய்கறிகளை உறைய வைத்துப் பாதுகாக்கும் முறை



மார்கழி, தை வந்துவிட்டால் பந்தலில் அவரைக்காய் கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது. வரப்போரத்தில் மொச்சையும் துவரையும் காய்த்துக் கிடக்கின்றன. முதல் வாரம் ஆசையாகப் பறிக்கிறோம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். மூன்றாம் வாரம் வீட்டுக்காரி, "ஏங்க, தெனமும் அவரைக்காப் பொரியலுன்னா புள்ளைங்க தட்டையே தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போவுதுங்க" என்கிறாள். "அப்பன்னா மாட்டுக்குப் போட்டுரு" என்கிறார் வீட்டுக்காரர்.

அதே வீட்டில் சித்திரை, வைகாசியில் என்ன நடக்கிறது? கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. தோட்டம் காய்ந்து போகிறது. சந்தைக்குப் போனால் விலையைக் கேட்டுவிட்டுக் கால் கிலோவோடு திரும்ப வேண்டியிருக்கிறது. ரசம், அப்பளம், ஊறுகாய் என்று நாட்கள் ஓடுகின்றன. பெரியவர்கள் இதைத் தாங்கிக்கொள்வோம். வயிற்றுப் பிள்ளைக்காரியும், பால் கொடுக்கிற தாயும், 6 மாதம் முடிந்து இப்போதுதான் பிசைந்த சோறு தின்னப் பழகும் குழந்தையும் என்ன செய்வார்கள்?

2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். மாத்திரை கொடுக்கிறோம், சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் தட்டில் கீரையும் காயும் இல்லாமல் மாத்திரையை மட்டும் நம்பி இருப்பது சரியாகாது. தை மாதத்து அவரையைக் கோடையில் தட்டுக்குக் கொண்டு வரும் வழியைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

இன்று பல கிராமத்து வீடுகளில் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. அதில் மாவும் பாலும் மீந்த குழம்பும் இருக்கும். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டித் தட்டு ஒன்று மட்டும் இருக்கும். அந்த இடம்தான் நமக்கு வேண்டியது.

உறைய வைத்தால் என்ன ஆகிறது?

காய் கெட்டுப் போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து வரும் கிருமி. மற்றொன்று காய்க்குள்ளேயே இருக்கும் நொதி. பிஞ்சைக் காயாக்கி, காயை முற்ற வைப்பது நொதியின் வேலை. பறித்த பிறகும் அது வேலையை நிறுத்துவதில்லை. குளிரில் கிருமி பெருகாது, அவ்வளவுதான். அது சாவதில்லை. நொதியோ குளிரிலும் மெல்ல மெல்ல வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பச்சையாக அப்படியே ஃப்ரீசரில் போட்ட அவரைக்காய் சில வாரத்தில் நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கிறது. "ஐஸ் பொட்டியில வச்சேன், நாறிப் போச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு மருந்து வெந்நீர். காயைக் கொதிக்கிற தண்ணீரில் கணக்காக இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் நொதி அடங்கிவிடும். வேக வைப்பது என்று இதை நினைத்துவிடக் கூடாது. காய் நறுக்கென்றே இருக்க வேண்டும்.

செய்யும் முறை

காலையில் வெயில் ஏறுமுன் பிஞ்சாகப் பறியுங்கள். முற்றிய காயை உறைய வைத்தாலும் அது முற்றின காய்தான், ஃப்ரீசர் அதை இளசாக்கித் தராது. பறித்த அன்றே வேலையை முடித்துவிட வேண்டும். பூச்சிமருந்து அடித்திருந்தால், மருந்து டப்பாவில் சொல்லியிருக்கும் நாள் கழியும் வரை பறிக்கவே கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, நாரெடுத்து, ஒரே அளவாக நறுக்குங்கள். சிறிதும் பெரிதுமாக இருந்தால் சிறியது குழைந்துவிடும், பெரியது உள்ளே பச்சையாகவே நின்றுவிடும்.

அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். குண்டானில் தளதளவென்று கொதித்த பிறகு காயைப் போடுங்கள். போட்டதும் கொதி அடங்கும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வர வேண்டும். வரவில்லை என்றால் காயை அதிகமாகப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். மறு கொதி வந்ததிலிருந்து கணக்கு. அவரை, கொத்தவரை, வெண்டை, முருங்கைக்காய்த் துண்டு இவற்றுக்கு மூன்று நிமிடம். உரித்த மொச்சைக்கும் கேரட் வில்லைக்கும் இரண்டிலிருந்து மூன்று. கீரைக்கு இரண்டு நிமிடம் போதும். வெண்டையை மட்டும் காம்பை நீக்கி முழுதாகப் போட்டு எடுத்துவிட்டு, ஆறிய பிறகு நறுக்குங்கள். முன்னாலேயே நறுக்கினால் தண்ணீரெல்லாம் கொழகொழத்துப் போகும்.

தண்ணீரில் போட்டால் வைட்டமின் சி-யும் ஃபோலிக் சத்தும் ஓரளவு கரைந்து போகத்தான் செய்யும். அதைக் குறைக்க ஒரு வழி உண்டு. அவரை, கேரட் போன்றவற்றை இட்லிப் பானையில் ஒரே அடுக்காகப் பரப்பி ஆவியில் வைக்கலாம். வெந்நீருக்குச் சொன்ன நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும், அதாவது மூன்று நிமிடத்துக்கு நாலரை நிமிடம். கீரைக்கு இது ஒத்து வராது. இலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் சூடு ஏறாது.

அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெந்நீரிலிருந்து எடுத்த காயை உடனே குளிர்ந்த நீரில் கொட்ட வேண்டும். எத்தனை நிமிடம் வெந்நீரில் இருந்ததோ அத்தனை நிமிடமாவது அதிலே கிடக்கட்டும். ஐஸ் கட்டியை முன்னாள் இரவே போட்டு வைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீரை இரண்டு தரம் மாற்றி ஊற்றுங்கள். பிறகு வடிகட்டி, சுத்தமான வெள்ளைத் துண்டில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஐஸ் பிடித்து ஒரே பாறையாகிவிடும். கீரையைப் பிழிந்து ஒரு வேளைக்கு ஒன்று என்று கைப்பிடி உருண்டையாக உருட்டிக்கொள்ளலாம்.

அப்படியே டப்பாவில் அடைக்காதீர்கள். முதலில் ஒரு தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கெட்டியானதும் எடுத்து அடையுங்கள். அப்போதுதான் வேண்டிய அளவு அள்ளி எடுக்க வரும். மெலிசான கேரி பை வேண்டாம். அதற்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, குளிரில் கிழிந்தும் போகும். இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாக்களே நல்லது. ஒரு டப்பா ஒரு வேளைச் சமையலுக்கு. மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். வைத்த நாளில் எல்லாம் நினைவிருக்கும், இரண்டு மாதம் கழித்து மொச்சையா துவரையா என்றே தெரியாது.

ஒரே நாளில் நிறைய வைக்காதீர்கள். சின்ன ஃப்ரீசருக்கு ஒரு தடவைக்கு அரைக் கிலோ போதும். வேகமாக உறைந்தால் காய்க்குள் இருக்கும் நீர் சின்னச் சின்ன ஐஸ் மணியாக நிற்கும். மெதுவாக உறைந்தால் மணி பெரிதாகி, காயின் உள்சுவரைக் குத்திக் கிழிக்கும், எடுத்ததும் சொதசொதவென்று ஆகும். இந்த உண்மையை ஊருக்குச் சொன்னவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில், அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் சட்டென்று உறைவதையும், எப்போது சமைத்தாலும் புதுசு போல இருப்பதையும் பார்த்தார். 1930-இல் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர்க் கடைகளில் உறைந்த காய்கறி விற்பனைக்கு வந்தது அவரால்தான்.

எந்தக் காய் ஆகும், எது ஆகாது?

மேலே சொன்னவை எல்லாம் ஆகும். தக்காளி விலை சரியும்போது கழுவித் துடைத்து, வெந்நீர் காட்டாமல் முழுசாகவே வைக்கலாம். எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் தானாக உரிந்துவிடும். ரசம், குழம்புக்கு நன்றாக இருக்கும், பச்சடிக்கு ஆகாது. தேங்காய்த் துருவலையும் வைக்கலாம். வெள்ளரி, முள்ளங்கி, சுரை, பூசணிப் பிஞ்சு, புடலை வேண்டாம். தண்ணீர்க் காய்கள், எடுத்தால் துவண்டுவிடும். பச்சை உருளைக்கிழங்கு கறுத்துப் போகும்.

எத்தனை நாள் இருக்கும்?

இதில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மைனஸ் 18 டிகிரி குளிர் இருந்தால் எட்டு மாதம், ஒரு வருடம் கூட நன்றாக இருக்கும். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் அந்தக் குளிர் வரும். ஒரே கதவுள்ள ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் அறையில் பெரும்பாலும் வராது. அங்கே ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். மறுநாள் கரண்டி இறங்காமல் கல்லாக இருந்தால் குளிர் போதும். மெத்தென்று இருந்தால் போதாது. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை மின்சாரச் செலவைச் சொல்பவை, குளிருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

"அப்ப எங்க வீட்டுக்கு என்ன வழி?" என்று ஒரே கதவு ஃப்ரிட்ஜ்காரர்கள் கேட்பீர்கள். மாசியில் மிஞ்சுவதைப் பங்குனியில் சாப்பிட அது போதும். அதற்கு மேல் மிஞ்சுவதற்கும், ஃப்ரிட்ஜே இல்லாத வீட்டுக்கும் நம் பாட்டிமார் வழி இருக்கிறது. முருங்கைக் கீரையை நிழலில் காய வைத்துப் பொடி செய்து வைக்கலாம். வெயிலில் காய வைத்தால் கண்ணுக்கு நல்லது செய்யும் சத்து பெரிதும் அழிந்துவிடும். கொத்தவரை, சுண்டை வற்றலும் போடலாம். ஆனால் வற்றலில் உப்பு அதிகம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்புள்ள மாமனார், மாமியார் வீட்டில் இருந்தால் தினமும் வற்றல் பொரிக்க வேண்டாம். உறைய வைக்கும் காய்க்கு ஒரு கல் உப்பும் தேவையில்லை.

கரண்ட் போனால்?

திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். வெளியூர் போகிறீர்களா? ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காயைச் சாப்பிட வேண்டாம். கரண்ட் வந்ததும் பார்க்கையில் காயில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் கவலையில்லை. முழுக்க உருகி, சில்லென்றாவது இருந்தால் அன்றே சமைத்துவிடுங்கள். வெதுவெதுப்பாகிவிட்டால் எருக்குழிக்குத்தான். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

சமைக்கும்போது

உறைந்த காயை உருக வைக்காமல் அப்படியே கொதிக்கும் குழம்பிலோ வாணலியிலோ போடலாம். பாதி வெந்த காய், சீக்கிரம் வேகும். ஆனால் வேக வைக்காமல் சாப்பிடவே கூடாது. கிருமி சாவதில்லை என்று முன்பே சொன்னோம். 2015 முதல் 2018 ஜூன் வரை ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 47 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமி நோய் வந்து 9 பேர் இறந்தார்கள். தேடிப் பார்த்ததில் காரணம் உறைந்த மக்காச்சோளம். இந்தக் கிருமி கர்ப்பிணியைத் தொற்றினால் கருச்சிதைவு கூட நேரும். நன்றாக வேக வைத்தால் அது செத்துவிடும், பயமில்லை.

கீரை உருண்டையைப் பருப்போடு கடைந்து, இறக்கிய பின் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். வெந்நீரில் போன வைட்டமின் சி-க்கு அது ஈடாகும், கீரையின் இரும்புச் சத்தும் உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் அந்த இரும்பு சேராமல் போய்விடும். கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்பு மாத்திரையை, கீரை சாப்பிட்டோம் என்று நிறுத்திவிடக் கூடாது.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. பறிப்பது, நார் எடுப்பது, வெந்நீர்க் குண்டானை இறக்குவது, வடிகட்டுவது எல்லாம் ஒருத்தி தலையில் விழுந்தால் இந்த வேலை ஒரு வாரம்கூட நடக்காது. முக்கியமாக மனைவி முழுகாமல் இருந்தால், கொதிக்கும் நான்கு லிட்டர் தண்ணீரை அவள் தூக்க வேண்டாம். அது உங்கள் வேலை. இரண்டு பேர் உட்கார்ந்தால் அரைக் கிலோ அவரை ஒரு மணி நேர வேலைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். வீட்டில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர் இருந்தால், காய் டப்பாவுக்கு இடம் வேண்டும் என்றோ, கூடுதல் குளிர் நல்லது என்றோ மருந்தை ஃப்ரீசருக்குள் தள்ளிவிடாதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. அது கீழே, கதவுத் தட்டில் இருக்கட்டும்.